கரையிலதான் நிக்கிறன் உம்மா

 

என் மருமகன் உல்லாசக் கப்பலொன்றில் வேலை பார்க்கிறான். அறைகளைத் துப்புரவு செய்து, விரிப்பு மாற்றி, பயணிகளின் தேவைகளைக் கவனிக்கும் வேலை. அவன் கோல் எடுக்கும்போதெல்லாம் அவனது உம்மா, என் தங்கச்சி, முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "கரையிலயா மனே நிக்காய்?" சாப்பாடு, சுகம், சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு. கரையில் என்று அவன் சொன்னால் அவளுடைய குரல் இளகிவிடும். நடுக்கடலில் என்றால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை மற்றவர்களிடம் கொடுத்துவிடுவாள்.

கடந்த ஜூலையில் ஒரு பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து நான் அவளுடைய வீட்டு விறாந்தையில் இருந்தபோது அவன் எடுத்தான். "கரையிலதான் நிக்கிறன் உம்மா, இஞ்ச பாருங்க" என்று போனைத் திருப்பிக் காட்டினான். அடுப்புக்கரியை இடித்துப் பரப்பியதுபோலக் கறுத்த மணல். அதன் விளிம்பில் கண்ணைப் பறிக்கும் நீலக்கடல். கிரேக்க நாட்டுச் சந்தோரினித் தீவில், கமாரி என்னும் கடற்கரை.

"மண் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கு?"

"எரிமலை மண் உம்மா."

"காலச் சுடுமே."

"சுடுது. செருப்போடதான் நிக்கிறன்."

எண்பதைக் கடந்த எங்கள் உம்மா, அவனுக்கு மூத்தம்மா, போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "வலை ஒண்டயும் காணல்லயே. அந்த ஊருல மீன் புடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். கரை என்றால் கரைவலை கிடக்க வேண்டும், தோணி ஏற்றி வைத்திருக்க வேண்டும். கல்முனைக்குடியில் பிறந்தவருக்கு அதுதான் கரை.

இந்த இதழைப் பயணச் சிறப்பிதழாகக் கொண்டுவருவதற்கு அந்தப் பின்னேரம்தான் காரணம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அன்று அவனுக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம். அதற்குள் கரைக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும். சந்தோரினியில் பெரிய கப்பல்கள் துறைமேடையில் கட்டுவதில்லை. மூவாயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன் அந்தத் தீவின் நடுப்பகுதி எரிமலையாக வெடித்து உள்ளே விழுந்தது. அந்தப் பள்ளத்தில் கடல் நிறைந்து கிடக்கிறது. ஆழம் சில இடங்களில் 400 மீட்டரை நெருங்கும். கப்பல் அதிலே நிற்க, சிறு படகுகளில் ஆட்களை ஏற்றிச் செங்குத்துப் பாறையின் அடியில் இறக்குவார்கள். மேலே ஃபிரா பட்டணத்துக்கு ஏறக் கம்பிவழித் தொட்டில் இருக்கிறது. இல்லையென்றால் ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், அல்லது கழுதை. மேலே போனாலும் கடற்கரை அங்கே இல்லை. வெள்ளை வீடுகளும் பாறையும்தான் இந்தப் பக்கம். மணற்கரைகளான கமாரியும் பெரிஸாவும் தீவின் மறுபக்கம், பஸ் பிடித்துப் போக வேண்டும். படகுக்கு, தொட்டில் வரிசைக்கு, பஸ்ஸுக்கு, திரும்பி வருவதற்கு என்று கழித்துப் பார்த்தால் மருமகனுக்குக் கடற்கரையில் மிஞ்சியது ஒரு மணி நேரம். அதில் இருபது நிமிடத்தை எங்களுக்குத் தந்தான்.

அவ்வளவு பாடுபட்டு ஏன் போக வேண்டும் என்று கேட்டேன். கப்பலில் நீச்சல்தடாகம் இருக்கிறது, மேல்தட்டில் நின்றால் நாலு பக்கமும் கடல். "அதுல நிண்டா கடல் தெரியும் மாமா, ஆனா கடல் இல்ல" என்றான். பன்னிரண்டு மாடி உயரத்தில் வேலை செய்கிற பிள்ளைக்குக் கடல் என்பது வட்டக் கண்ணாடிக்கு வெளியே நகர்கிற ஒரு நிறம். காலில் நனைவதில்லை, வாயில் உப்புக் கரிப்பதில்லை.

இதே சொல்லை நான் இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு பெண்ணின் வாயால் கேட்டிருந்தேன். அது நமது திருகோணமலையில்.

2023 ஜூன் 5ஆம் திகதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. கோர்டெலியா நிறுவனத்தின் கப்பல். 1990ஆம் ஆண்டு சேவைக்கு வந்த பழைய கப்பல்தான், ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுமக்கக்கூடியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நமது கரைகளைத் தொட்டுச் சென்னைக்குத் திரும்பும் பயணம் அது. யுத்த காலத்தில் வெள்ளைப் பயணிகள் கப்பல் ஒன்று கிழக்குக் கரைக்கு வரும் என்று யார் நினைத்தோம்? எங்கள் ஊர் இளைஞர்கள் அந்தக் கப்பலின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் காட்டியது ஞாபகம் இருக்கிறது.

திருகோணமலைத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் கட்டும் மேடைகளில் ஒன்றுக்கு அஷ்ரஃப் ஜெட்டி என்று பெயர். நம்மூர் வாசகர்களுக்கு அந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் வளர்ந்து, 1994இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானவர் எம்.எச்.எம். அஷ்ரஃப். 2000 செப்டெம்பர் 16இல் ஹெலிகொப்டர் விபத்தில் அவரை இழந்தோம். அவர் பெயர் தாங்கிய மேடையில் சென்னைக் குடும்பங்கள் கால் வைக்கக்கூடும் என்று எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அந்த நாட்களில் கிண்ணியாவில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, ஓட்டமாவடி, வாகரை, வெருகல், மூதூர் வழியாகப் போகும் அந்தப் பாதையில் முன்பெல்லாம் பஸ் நின்று நின்று போகும். ஆறும் களப்பும் குறுக்கிடும் இடமெல்லாம் பாதைப்படகுக்குக் காத்திருப்போம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. மூதூரைக் கடக்கும்போது எனக்கு ரொபர்ட் நொக்ஸ் ஞாபகம் வராமல் இருந்ததில்லை. புயலில் பாய்மரம் முறிந்த ஆன் என்ற ஆங்கிலேயக் கப்பல், மரம் வெட்டிச் சரிசெய்துகொண்டு போகலாம் என்று கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் கரையிறங்கியவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நாள் தங்கலாம் என்று அதில் வந்த நொக்ஸ் தப்பிப்போக 1679 ஆனது. கப்பல்காரர்கள் கரையில் கழிக்கும் மணித்தியாலங்களைப் பற்றி எழுதும்போது அந்தப் பத்தொன்பது வருடங்களையும் சொல்லத்தான் வேண்டும். 1681இல் அவர் வெளியிட்ட நூல்தான் அந்தக் கால இலங்கையை ஐரோப்பாவுக்குக் காட்டியது.

கலியாணத்துக்கு மறுநாள் சொந்தக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக்குப் போனோம். ஜூன் மாதம் நிலாவெளிக் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர்போலக் கிடக்கும். எதிரே புறாத்தீவு. 2003இல் தேசியப் பூங்காவான சின்னத் தீவு அது. பவளப்பாறையும், யாருக்கும் தீங்கு செய்யாத கறுப்புமுனைச் சுறாக்குட்டிகளும் அதைச் சுற்றி இருக்கின்றன. கழுத்தில் அட்டை தொங்க நாலைந்து பேர் தண்ணீரோரம் நின்றிருந்தார்கள். கப்பல் பயணிகள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு தம்பதி எங்களோடு பேச வந்தார்கள். தமிழ் கேட்டதும் அவர்களுக்கு அப்படியொரு சந்தோசம்.

"அஞ்சு மணிக்குள்ள கப்பலுக்குப் போயிடணும் சார்" என்றார் கணவர். அவருடைய கண் மணிக்கூட்டிலேயே இருந்தது. மனைவி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஈர மணலில் நின்றார். "ரெண்டு நாளா கடலப் பாத்துக்கிட்டேதான் வர்றோம். தொடத்தான் முடியல" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "நாங்க நாகப்பட்டினம். எங்க ஊர்க் கடல்ல கால் வச்சுப் பதினெட்டு வருசம் ஆச்சு. இங்கதான் இன்னைக்கு வைக்கிறேன். இது வேற ஊர்க் கடல்தானே."

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் அதிகமாக உயிர்களை இழந்த மாவட்டம் நாகப்பட்டினம். அவர் யாரை இழந்தார் என்று நான் கேட்கவில்லை. நிலாவெளியும் அதே நாளில் அதே அலையில் அடிபட்ட கரை என்றும் சொல்லவில்லை. எங்களோடு வந்த பிள்ளைகளில் ஒருத்தி சொல்ல வாயெடுத்தாள். கையைப் பிடித்து அமர்த்தினேன். அந்த அம்மாவுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. அவருக்கு அது வேறு ஊர்க் கடலாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். முழங்கால்வரை இறங்கினார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். கணவர் கரையில் நின்று அவரையும் மணிக்கூட்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவே இல்லை.

போகும்போது நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். கல்முனைக்குடி என்றோம். தெரியவில்லை. நாகூர் ஆண்டகைக்குக் கொடியேற்றும் கடற்கரைப் பள்ளி எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்றேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "நாகூரா? எங்களுக்குப் பக்கத்து ஊரு சார்!" சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் அடக்கத்தலம் இருக்கும் நாகூர் அவர்கள் வீட்டிலிருந்து எட்டும் தூரம். எங்கள் ஊரில் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறினால் கடற்கரை வீதி முழுக்கக் கடை, பஞ்சு மிட்டாய், கச்சான், பிள்ளைகளின் ராட்டினம். அங்கேயும் அப்படித்தான் என்றார். அதே வருடம் ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் படகுச் சேவை தொடங்கியபோது அவரைத்தான் நினைத்தேன். விலாசம் வாங்கவில்லையே என்று இன்றைக்கும் கவலை.

சந்தோரினியின் கறுத்த மணல் தங்கச்சியின் கைப்போனில் தெரிந்தபோது எனக்கு நாகப்பட்டினத்து அம்மா ஞாபகம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

தங்கச்சியின் வீடு முன்பு கடற்கரைப் பக்கம். வாசலில் நின்றால் அலை தெரியும். ஆழிப்பேரலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், காலை ஒன்பது மணியளவில் அவள் இரண்டு பிள்ளைகளோடு மேற்கே பிரதான வீதியை நோக்கி ஓடினாள். ஒரு பிள்ளையோடுதான் வந்து சேர்ந்தாள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் போன நாள் அது. மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் ஒரே மையித்து வீடாகின. அன்று இடுப்பில் இருந்த இரண்டு வயதுக் குழந்தைதான் இப்போது கப்பலில் போகிறவன். அவனுக்கு அந்த நாள் எதுவும் ஞாபகம் இல்லை. அவளுக்கு மற்றது எதுவும் ஞாபகத்தில் நிற்பதில்லை. அதற்குப் பிறகு அவள் கடற்கரைக்குப் போகவே இல்லை. வீடு பிரதான வீதிக்கு மேற்கே, வயல் பக்கம் மாறிவிட்டது. கொடியேற்றத்துக்கு ஊரே போகும். அவள் வீட்டிலிருந்தபடியே கந்தூரிச் சோற்றை வாங்கிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் அந்த ஜூலைப் பின்னேரம் போனைக் கீழே வைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டு மனே" என்றாள். அவன் செருப்பைக் கழற்றி அலைக்குள் கால் வைத்தான். சுடுமணலுக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் இடையில் அவன் துள்ளியதைப் பார்த்து அவள் சிரித்தாள். கடலைப் பார்த்து என் தங்கச்சி சிரித்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கரையும் ஒரு பேரழிவில் பிறந்ததுதான். அந்த எரிமலை வெடித்தபோது எழுந்த ஆழிப்பேரலை கிரீட் தீவுவரை போய் அடித்திருக்கிறது. அங்கே வெயிலில் கிடப்பவர்களில் யாருக்கும் அது துக்கம் இல்லை, பழங்கதை. துக்கம் பழங்கதையாக எத்தனை காலம் எடுக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு ஒருவருடைய கரையில் நிற்கும்போது நம்முடைய பயம் கொஞ்சம் தூரத்தில் நின்றுகொள்கிறது என்பதைமட்டும் இரண்டு தடவை என் கண்ணால் கண்டேன்.

கப்பலில் வருகிறவர்களை என்ன செய்வது என்பதில் கிரேக்கத் தீவுகளுக்கு இப்போது பெரிய சங்கடம். சந்தோரினிக்கும் மைக்கனோஸுக்கும் கோடையில் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் 2025 ஜூலை முதல் 20 யூரோ அறவிடுகிறார்கள். கூட்டம் தாங்கவில்லை. 2023 கோடையில் பாரோஸ் தீவின் மக்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கே ஊர்வலம் போனார்கள். வாடகைக் குடையும் சாய்கதிரையும் கரை முழுவதையும் பிடித்துக்கொண்டதால் ஊராருக்குத் துவாய் விரிக்க இடமில்லை என்பது அவர்களின் முறைப்பாடு. அடுத்த வருடம் சட்டம் வந்தது. தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது 4 மீட்டருக்குக் கதிரை போடக் கூடாது. என் மருமகன் துவாயை விரித்ததும் அந்த நாலு மீட்டருக்குள்தான்.

நமக்கு அந்தச் சங்கடம் வேறு வடிவத்தில் இருக்கிறது. நம் கரையைக் கதிரை பிடிக்கவில்லை, கடல் பிடிக்கிறது. கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை அதைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே ஒரு கல்லணை நீண்டால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் பசியில் கிடக்கும் கரையைக் கடல் தின்னும். 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டதிலிருந்து அதற்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகள் வேரோடு சரிந்ததை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்ப் பக்கமும் கரைவலை இழுக்கும் வெளி சின்ன வயதில் நான் கண்ட அகலத்தில் இல்லை. தோணிகளை ஏற்றி வைக்க இடமில்லாமல் வாடிகள் வீதியோரம்வரை வந்துவிட்டன. மிச்சமிருக்கும் மணலில் நாமே பொலித்தீனையும் மீன் கழிவையும் கொட்டுகிறோம். இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாகப்பட்டினத்து அம்மா ஒரு நாள் நம் கடற்கரைப் பள்ளியைத் தேடி வந்தால், அவர் கால் வைக்கும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைக்கிறேன். மருதமுனைச் சாரனொன்று வாங்கிக் கொடுக்கலாம், செவ்விளநீர் வெட்டிக் கொடுக்கலாம், வீட்டுக்குக் கூட்டிப்போய் இஞ்சிப் பிளேன்ரீ கொடுக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கக்கூடிய கரை வேண்டும்.

இந்த இதழில் வாசகர்கள் எழுதிய ஒன்பது பயண அனுபவங்கள் வருகின்றன. ஹஜ்ஜுக்குப் போனவர், கத்தாரில் லொறி ஓட்டுபவர், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போன காரைதீவு வாசகர் என்று பலர். எல்லோருமே எங்கோ ஓரிடத்தில் கொஞ்ச நேரம்தான் நின்றிருக்கிறார்கள்; அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆறுதலாக வாசியுங்கள்.

மருமகன் ஒப்பந்தம் முடிந்து ஆகஸ்ட் கடைசியில் வீட்டுக்கு வந்தான். கொண்டுவந்த பெட்டிக்குள் ஒரு சிறு போத்தலில் தண்ணீர் இருந்தது. சந்தோரினிக் கடல் தண்ணீர். உம்மாவிடம் கொடுத்தான். அவள் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள். "நம்மட கடல் மாதிரித்தான் உப்பு" என்றாள். அதற்குப் பிறகு மூன்று கிழமை அவன் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் அவளாகவே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாறியா, பள்ளிப் பக்கம் போயிட்டு வருவம்" என்றாள். எனக்கும் சொல்லியனுப்பினார்கள். மூத்தம்மாவை ஓட்டோவில் ஏற்றினோம்.

பள்ளி மதிலோடு அவள் நின்றுவிட்டாள். அங்கிருந்து கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. கரைவலை ஏறிக்கொண்டிருந்தது, இரண்டு கயிறுகளும் நெருங்கி, மடி கிட்ட வந்துவிட்ட நேரம். ஆள் குறைவாக இருந்ததால் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் மருமகனைப் பார்த்துக் கைகாட்டினார்கள். அவன் காற்சட்டையை மடித்துவிட்டு ஓடிப்போய்க் கயிறு பிடித்தான். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தம்மா ஓட்டோவுக்குள் இருந்தபடியே, "கீரியா சூடையா எண்டு பாத்துட்டு வா புள்ள" என்றார்.

அவள் போனாள். மெதுவாக, மணலைப் பார்த்தபடி. மடியை ஏற்றி விரித்தபோது கூட்டத்தோடு கூட்டமாக நின்று எட்டிப் பார்த்தாள். சூடைதான், கொஞ்சம் நெத்தலியும் கலந்திருந்தது. விலை பேசினாள். கூடுதலாகச் சொல்கிறார்கள் என்று தர்க்கம்கூடச் செய்தாள். பையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது செருப்பு நனைந்திருந்தது. மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

ஓட்டோவில் ஏறுவதற்கு முன்னால் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பொடியனிடம் கேட்டாள்: "நாளைக்கும் இந்த நேரத்துக்கா தம்பி இழுப்பீங்க?"